பேறுகாலத்தில் அறியும் உரிமை: ஒரு வழக்கும் அதன் வரலாறும்

மருத்துவ வரலாறு குறித்துத் தமிழில் வெளிவரும் கட்டுரைகள் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளைச் சுற்றியே அமைகின்றன. 1847இல் எடின்பரோவில் சிம்சன் குளோரோபார்மைப் பேறுகால வலிக்குப் பயன்படுத்திய கதையையும், அதே ஆண்டில் வியன்னாவில் மருத்துவர்களைக் கை கழுவச் சொல்லித் தாய்மாரின் சாவைக் குறைத்த செம்மல்வெய்சின் கதையையும் வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும். இவற்றுக்கு அருகிலேயே அதிகம் பேசப்படாத வரலாறு ஒன்று உண்டு. கருவுற்ற பெண்ணிடம் அவளது பேறு பற்றி என்ன சொல்லப்பட்டது, என்ன மறைக்கப்பட்டது, அவளது விருப்பத்தை யார் கேட்டார் என்பதே அவ்வரலாறு. பிரித்தானியாவில் 1950களில் தொடங்கி 2015 வரை மருத்துவமனைகளிலும் நீதிமன்றங்களிலும் நடந்த இந்த நெடிய வாதத்தை நாம் இங்குத் தொகுத்துக் காண்போம். வாதத்துக்கு முடிவு கட்டியது ஸ்காட்லாந்துப் பெண் ஒருவரின் வழக்கு. அதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்வது பொருத்தமாக இருக்கும்.

பெல்சில் மருத்துவமனை, 1999

நடீன் மாண்ட்கோமரி ஐந்தடிக்குச் சற்றே மிகுந்த உயரமுடையவர். இன்சுலின் எடுத்துக்கொள்ளும் நீரிழிவுக்காரர். மூலக்கூறு உயிரியலில் பட்டம் பெற்றவர். மருந்து நிறுவனமொன்றில் பணியாற்றியவர். அவருடைய தாயும் தமக்கையும் மருத்துவர்கள். 1999இல் அவர் தம் முதற்குழந்தையைச் சுமந்தபோது, லனார்க்சயரிலுள்ள பெல்சில் மகப்பேறு மருத்துவமனையில் கண்காணிக்கப்பட்டு வந்தார்.

நீரிழிவுள்ள தாயின் குழந்தை வழக்கத்தைவிடப் பெருத்திருப்பது இயல்பு. உடல் எடை தோள்பட்டையில் மிகுதியாகச் சேர்வதால், தலை வெளிவந்த பின் தோள் இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. நீரிழிவுள்ள தாய்மாரிடையே இது நூற்றுக்கு 9 முதல் 10 வரை நேரக்கூடியது. சிக்கிய தோளைப் பெரும்பாலும் விடுவித்துவிடலாம். அவ்வாறு சிக்கும் பேறுகளிலும், குழந்தையின் கை நரம்புகள் சேதமுறுவது ஆயிரத்தில் இருவருக்கு; தொப்புள்கொடி நசுங்கி மூளை பாதிக்கப்படுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

இவற்றுள் எதுவும் நடீனிடம் சொல்லப்படவில்லை. குழந்தை பெரிதாக இருக்கிறதே, இயல்பாகப் பெற்றெடுக்க முடியுமா என்று அவர் ஒருமுறைக்கு மேல் கவலை தெரிவித்திருந்தார். ஆனால் தோள் சிக்குதல் பற்றிப் பெயர் குறித்துக் கேட்கவில்லை. அவ்வாறு கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று மருத்துவர் பின்னர்ச் சாட்சியம் அளித்தார். குழந்தைக்குப் பெருங்கேடு விளையும் வாய்ப்பு மிகச் சிறிது. அதைச் சொன்னால் நீரிழிவுள்ள தாய்மார் எல்லோரும் சிசேரியன் கேட்பர். அது தாய்மாருக்கு நன்மை தராது என்பது அவரது கருத்து.

அக்டோபர் 1 அன்று குழந்தையின் தலை வெளிவந்தது, தோள் சிக்கியது. தலையை மீண்டும் உள்ளே தள்ள முயன்றனர். தாயின் இடுப்பெலும்பு இணைப்பை அறுக்கவும் முயன்றனர். குழந்தை முழுவதுமாக வெளிவருவதற்குள் 12 நிமிடங்கள் கடந்துவிட்டன. 4.25 கிலோ எடையுடன் பிறந்த அம்மகனுக்கு மூளைச் சேதத்தால் கைகால் இயக்கம் பாதிக்கப்பட்டது. ஒரு கையின் நரம்புகளும் சிதைந்தன. சிசேரியன் செய்திருந்தால் இவற்றுள் எதுவும் நேர்ந்திராது.

நடீன் வழக்குத் தொடுத்தார். 2010இலும் 2013இலும் ஸ்காட்லாந்து நீதிமன்றங்கள் அவரது வழக்கைத் தள்ளின. அவ்வாறு தள்ளுவதற்கு அந்நீதிமன்றங்களுக்குச் சட்ட அடிப்படை இருந்தது. அந்த அடிப்படை எவ்வாறு உருவாயிற்று என்பதைக் காண நாம் நாற்பதாண்டுகளுக்கும் மேல் பின்செல்ல வேண்டும்.

மருத்துவரே அளவுகோல்

1957இல் ஜான் போலம் என்பவரின் வழக்கு இலண்டனில் விசாரணைக்கு வந்தது. மனநல மருத்துவமனையில் மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றபோது அவரது இடுப்பெலும்புகள் முறிந்தன. தசைத்தளர்ச்சி மருந்து தரப்படவில்லை. இப்படி ஓர் அபாயம் உண்டென்று முன்கூட்டிச் சொல்லவுமில்லை. பொறுப்புள்ள மருத்துவர் குழாம் ஒன்று சரியென ஏற்கும் முறையில் நடந்துகொண்ட மருத்துவர் கவனக்குறைவு உடையவராகார் என்று நீதிபதி நடுவர்களுக்கு எடுத்துரைத்தார். போலம் தோற்றார். சிகிச்சையின் தரத்தை அளக்க எழுந்த இந்த அளவுகோல், நோயாளிக்கு எதைச் சொல்லலாம் என்பதையும் அளக்கத் தொடங்கியது.

1985இல் ஏமி சிடவே என்னும் பெண்ணின் வழக்கில் பிரபுக்கள் அவை இதை உறுதிப்படுத்திற்று. 1974இல் கழுத்து வலிக்காகச் செய்த அறுவையில் அவரது தண்டுவடம் சேதமுற்றது. நூற்றுக்கு ஒன்று இரண்டு என்னும் அளவிலிருந்த அபாயத்தைத் தமக்கு யாரும் சொல்லவில்லை என்பது அவரது முறையீடு. அறுவை செய்த மருத்துவர் வழக்கு விசாரணைக்கு முன்பே இறந்துபோனதால், அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பதும் தெளிவாகவில்லை. சிடவேயும் தோற்றார். எவ்வளவு சொல்வது என்பது பெருமளவு மருத்துவரின் தீர்மானத்துக்கு உரியது, நோயாளி குறிப்பாகக் கேட்டால் உண்மையான விடை தரவேண்டும் என்பதே அத்தீர்ப்பிலிருந்து பின்வந்தோர் எடுத்துக்கொண்ட பொருள். நீதிபதி ஸ்கார்மன் மட்டும், நோயாளிக்குத் தம் உடல்மீது உள்ள உரிமையிலிருந்தே சொல்லும் கடமை பிறக்கிறது என்று வேறுவழியில் வாதிட்டார். அவரது குரல் அன்று தனித்தே ஒலித்தது.

இவ்விடத்தில் வள்ளுவரின் பகுப்பொன்று நம் நினைவுக்கு வருகிறது. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில் அவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர் என்பது அவர் வைக்கும் வரிசை. நோயுற்றவரை அவர் முதலில் வைத்தார். போலம், சிடவே தீர்ப்புகளின் நோக்கில் இரண்டாம் கூறே முதற்கூறாயிற்று. கருவுற்ற பெண்ணோ நோயாளியும் அல்லள். உடல்நலத்தோடு மருத்துவமனைக்குள் வரும் அவளுக்கு அந்த வரிசையில் இடமே இல்லாது போயிற்று.

பெண்கள் எழுதிய கடிதங்கள்

சட்டம் இவ்வாறு சென்றுகொண்டிருந்த அதே காலத்தில் பேறு வீட்டைவிட்டு மருத்துவமனைக்குப் பெயர்ந்தது. 1950களில் இங்கிலாந்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தை வீட்டில், மருத்துவச்சியின் கையில் பிறந்தது. 1959இல் வந்த கிரான்புரூக் அறிக்கை நூற்றுக்கு 70 பேறுகள் மருத்துவமனையில் நிகழவேண்டும் என்றது. 1970இல் வந்த பீல் அறிக்கை எல்லாப் பேறுகளுக்கும் மருத்துவமனை வசதி வேண்டும் என்றது. 1980 வாக்கில் வீட்டுப்பேறு நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. தாய் சேய் சாவு அக்காலத்தில் பெரிதும் குறைந்தது. குருதியேற்றலும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளும் நல்லுணவும் அதற்குத் துணைநின்றன. ஆனால் பெண்கள் இதற்கு வேறொரு விலையையும் கொடுத்தனர்.

அவ்விலையைப் பற்றி முதலில் எழுதியோர் பெண்களே. தம் குழந்தையைப் பேற்றின்போது இழந்த புரூனெல்லா பிரையன்ஸ், 1956இல் நாளிதழில் விளம்பரம் கொடுத்து இயற்கைப் பேற்றுக்கான சங்கமொன்றைத் தோற்றுவித்தார். அறியாமை அச்சத்தையும், அச்சம் தசை இறுக்கத்தையும், இறுக்கம் வலியையும் பெருக்குகின்றன என்று 1933 முதல் எழுதிவந்த மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் அச்சங்கத்துக்குத் தூண்டுகோலாக இருந்தார். 1960இல் சாலி வில்லிங்டன் என்பவர் மருத்துவமனையில் தாம் பட்டவற்றை இதழுக்குக் கடிதமாக எழுதினார். தனிமை, மறைவின்மை, விளக்கம் தர ஆளின்மை, கடுஞ்சொல், வளைந்துகொடாத நடைமுறைகள் எனப் பட்டியல் நீண்டது. பதிலாக அவருக்கு வந்த கடிதங்கள் அது அவருடைய தனித்துயரம் மட்டுமன்று எனக் காட்டின. அக்கடிதங்களிலிருந்து எழுந்த அமைப்புக்கு, கருவுற்ற பெண்கள் மீதான கொடுமையைத் தடுக்கும் கழகம் என்று பெயர் வைத்தனர். விலங்குவதைத் தடுப்புக் கழகத்தின் பெயரை ஒட்டி அமைந்த பெயர் அது. அதிலிருந்த எள்ளலை யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. சிறிது காலத்தில் பெயரை மென்மையாக்கிக்கொண்டனர்.

மானிடவியலாளர் ஷீலா கிட்சிங்கர் 1962இல் மகப்பேற்று அனுபவம் குறித்துத் தம் நூலை வெளியிட்டார். பேறு என்பது மருத்துவ நிகழ்ச்சி மட்டுமன்று, அப்பெண்ணின் வாழ்க்கை நிகழ்ச்சியும் ஆகும் என்பது அவர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்திய கருத்து. 1982 ஏப்ரலில் இலண்டனின் மருத்துவமனையொன்று குந்தியிருந்து பெற்றெடுப்பதைத் தடுத்தபோது, ஆயிரக்கணக்கானோர் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். தம் உடலை எந்நிலையில் வைத்துக்கொள்வது என்பதற்காகப் பெண்கள் கூட்டம் கூட்ட வேண்டியிருந்தது.

மருத்துவர்க்குத் தெரிந்ததும் தெரியாததும்

சொல்லும் கடமையைப் பேசும்போது எழும் அடுத்த கேள்வி, சொல்பவர்க்கு உண்மை தெரியுமா என்பது. மருத்துவமனைக்குள் நுழைந்ததும் மறைவிட உரோமத்தை மழித்தல், எனிமா கொடுத்தல், குழந்தை வெளிவரும் நேரத்தில் பிறப்பு வாயிலைக் கத்தரித்துப் பின் தைத்தல் ஆகிய மூன்றும் அன்றைய பிரித்தானிய மருத்துவமனைகள் பலவற்றில் வழக்கமாக இருந்தன. தொற்றைத் தடுக்கும், கிழியாமல் காக்கும் என்று காரணம் சொல்லப்பட்டது. இக்காரணங்கள் நெடுங்காலம் ஆராய்ந்து பார்க்கப்படவில்லை.

ஆராய முன்வந்தோருள் மருத்துவச்சியர் குறிப்பிடத்தக்கவர். மோனா ராம்னி 1980இல் மழித்தலையும், அடுத்த ஆண்டு எனிமாவையும் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டார். இரண்டையும் எல்லோர்க்கும் செய்வதற்கு நியாயம் கிடைக்கவில்லை. 1984இல் ஜெனிபர் சிலீப் ரெடிங் நகரில் ஆயிரம் பெண்களை இரு பிரிவாக்கி ஆய்ந்தார். ஒரு பிரிவில் நூற்றுக்கு 51 பேருக்கும் மற்றதில் 10 பேருக்கும் பிறப்பு வாயில் கத்தரிக்கப்பட்டது. பத்தாம் நாளிலும் மூன்றாம் திங்களிலும் இரு பிரிவினரின் வலியிலும் வேறுபாடில்லை. வேண்டுமென்றே கத்தரித்ததால் தாய்மார் பெற்ற நன்மை எதுவும் தென்படவில்லை.

தமிழ் பயில்வோர்க்கு இவ்விடத்தில் செவிலி என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப்பார்க்கத் தோன்றும். சங்க அகப்பாடல்களில் செவிலி தலைவியை வளர்த்த தாய். மகளின் மேனியில் தோன்றும் மாற்றத்தை முதலில் காண்பவளும், இது எதனால் என்று வினவுபவளும் அவளே. இன்று மருத்துவமனையில் பணியாற்றுவோர்க்கு நாம் அப்பெயரை வழங்குகிறோம். ராம்னியும் சிலீப்பும் செய்தது செவிலியின் பழந்தொழிலேயாகும். பெண்ணின் உடலுக்கு நேர்வதைக் கண்டு, எதனால் என்று வினவினார்கள்.

மருத்துவ ஆய்வாளர் ஆர்ச்சி காக்ரேன் 1979இல், சோதித்துப் பாராமலே சிகிச்சை தருவதில் கடைசி இடம் மகப்பேற்று மருத்துவத்துக்கே என்று கேலியாகப் பரிசளித்தார். அந்தக் கேலி பலித்தது. ஆக்ஸ்போர்டில் இயன் சால்மர்சும் உடன் பணியாற்றியோரும் உலகெங்கும் நடந்த பேறுகால ஆய்வுகளைத் தேடித் தொகுத்து 1989இல் பெருநூலாக வெளியிட்டனர். எந்த நடைமுறை பயனுடையது, எது பயனற்றது, எது தீங்கு தருவது என்னும் பட்டியல் அதில் இருந்தது. பொதுமக்களும் படிக்கத்தக்க சுருக்கம் ஒன்றும் அதனுடன் வந்தது. பெண்ணுக்குச் சொல்வதற்கு மருத்துவரிடமே இப்போதுதான் உறுதியான செய்தி சேர்ந்தது எனலாம்.

மறுக்கும் உரிமை

1992இல் பிரித்தானிய நாடாளுமன்றக் குழு, எல்லாப் பெண்களையும் மருத்துவமனைக்கே அனுப்பவேண்டும் என்னும் கொள்கைக்குப் பாதுகாப்பைக் காரணமாகக் காட்ட இயலாது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு கம்பர்லெஜ் சீமாட்டி தலைமையில் வந்த அறிக்கை பெண்ணை மையத்தில் வைத்தது. தெரிவு செய்யும் உரிமை, ஒரே பராமரிப்பாளரின் தொடர்ச்சி, தம் பேற்றின்மீது தமக்குள்ள பிடி என்னும் மூன்றையும் அது வலியுறுத்தியது.

அறிக்கைகள் வந்த பின்னும் நிகழ்ந்த ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். 1996இல் எட்டாம் மாதத்தைக் கடந்திருந்த ஒரு பெண்ணுக்குக் குருதியழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயர்ந்திருந்தது. அவர் மருத்துவமனையில் சேரவும் சிகிச்சை பெறவும் மறுத்தார். மறுப்பின் விளைவு சாவாக இருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மனநலச் சட்டத்தின் கீழ் அவரைப் பிடித்துவைத்து, அவர் தரப்பைக் கேளாமலேயே நீதிமன்ற ஆணை பெற்று, சிசேரியன் செய்தார்கள். தாயும் சேயும் பிழைத்தனர். 1998இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், அவ்வறுவை சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தெளிந்த அறிவுடைய பெண் கருவுற்றிருப்பதாலேயே தன் உடல்மீதான உரிமையை இழப்பதில்லை என்பது தீர்ப்பின் சாரம். இது எளிதில் ஏற்கத்தக்க தீர்ப்பன்று. நல்விளைவு கிடைத்த ஒரு செயலையே சட்டம் தவறென்றது. ஆயினும், ஒப்புக்கொள்ளும் உரிமை உண்மையானதாக இருக்கவேண்டுமானால் மறுக்கும் உரிமையும் உடனிருந்தாக வேண்டும். இரண்டுக்கும் முன்நிபந்தனை, செய்தி முழுமையாகச் சொல்லப்பட்டிருத்தல்.

2015 மார்ச் 11

நடீனின் வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் முன் வந்தது. 2015 மார்ச் 11 அன்று அவர்கள் ஒருமித்து அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தனர். சிடவே தீர்ப்பு வகுத்த வழி கைவிடப்பட்டது. அதே நிலையிலிருக்கும் ஒருவர் பொருட்படுத்தக்கூடிய அபாயம் எதுவோ, அல்லது இந்தக் குறிப்பிட்ட நபர் பொருட்படுத்துவார் என்று மருத்துவர்க்குத் தெரிந்திருக்கவேண்டியது எதுவோ, அதைச் சொல்லியாக வேண்டும். மாற்று வழிகளையும் சொல்ல வேண்டும். அபாயத்தின் விழுக்காடு மட்டுமே அளவுகோலாகாது. சொல்வதே நோயாளிக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும் நிலையும், நினைவிழந்தார்க்கு உடனடிச் சிகிச்சை தரவேண்டிய நிலையும் விதிவிலக்குகள்.

தீர்ப்பை எழுதிய கெர், ரீட் இருவரும் நுட்பமான ஒன்றைச் சுட்டினர். கேட்டால் சொல்வோம் என்னும் விதியில் அடிப்படை முரணொன்று உண்டு. ஓர் அபாயம் இருப்பதே தெரியாதவர் அதைப் பற்றி எவ்வாறு கேட்பார்? மிகுதியாக அறிந்தவரே கேட்க முடியும். மிகுதியாக அறியவேண்டியவரோ கேட்க இயலாதவர். நடீன் தம் கவலையைச் சொன்னார். அக்கவலைக்குரிய கலைச்சொல் அவர் வாயில் வரவில்லை. அச்சொல்லை அறிந்தவர் எதிரே இருந்தார்.

கையொப்பத்துக்காகப் படிவத்தை நீட்டுவதோ, கலைச்சொற்களைக் கொட்டிக் குழப்புவதோ இக்கடமையை நிறைவேற்றாது. உரையாடலே நிறைவேற்றும் என்றும் தீர்ப்புக் கூறியது. நீதிபதி ஹேல், இயல்பான பேற்றையே மருத்துவர் உயர்வாகக் கருதினும் அம்மதிப்பீட்டைத் தாயின்மீது சுமத்த உரிமையில்லை எனத் தனியே குறித்தார். இழப்பீடாக 52.5 இலட்சம் பவுண்டு வழங்கப்பட்டது. அப்போது மகனுக்கு வயது பதினைந்து.

தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிடவில்லை. 2022 மார்ச்சில் டோனா ஓக்கெண்டன் தலைமையிலான குழு, சுரூஸ்பரி மருத்துவமனைகளின் மகப்பேற்றுப் பிரிவு பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. 1,486 குடும்பங்களின் அனுபவம் ஆராயப்பட்டது. தக்க பராமரிப்புக் கிடைத்திருந்தால் 201 குழந்தைகள் உயிர்பிழைத்திருக்கக்கூடும் என்று அது கண்டது. சிசேரியன் அளவு குறைவாக இருப்பது அங்குப் பெருமையாகக் கொள்ளப்பட்டிருந்தது. தாய்மாரின் அச்சத்தைக் காதில் வாங்காததையும், சிலரிடம் குழந்தை இறந்தமைக்கு அவர்களே காரணம் எனும்படி பேசியதையும் அறிக்கை பதிந்தது. அரைநூற்றாண்டுக்கு முன் பெண்கள் கேளாமலே கத்தரிக்கப்பட்டனர். பின்னர், கேட்டும் சிசேரியன் கிடையாமல் சிலர் குழந்தையை இழந்தனர். கொள்கை தலைகீழாயிற்று, அவள் சொல்லுக்குச் செவிகொடாமை மட்டும் அப்படியே இருந்தது.

நம் நாட்டில்

பிரித்தானியாவின் இவ்வரலாற்றுக்கு இந்தியாவோடு நேரடித் தொடர்பு உண்டு. 2008 ஜனவரியில் சமீரா கோஹ்லி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது மகப்பேற்று வழக்கன்று. 44 வயதுடைய, மணமாகாத அப்பெண் நோய்க்காரணம் அறிவதற்கான கருவிச் சோதனைக்கே இசைந்திருந்தார். அவர் மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் இசைவு பெற்று, கருப்பையையும் சூலகங்களையும் நீக்கிவிட்டனர். அது தவறென்று நீதிமன்றம் தெளிவாகக் கூறியது. தன்னுணர்வு மீண்டு தாமே முடிவு சொல்லக்கூடியவருக்காகப் பிறர் இசைவு தர முடியாது என்பது அத்தீர்ப்பின் பெருங்கொடை.

ஆனால் எவ்வளவு சொல்லவேண்டும் என்னும் கேள்வியில், நோயாளியை அளவுகோலாகக் கொண்ட அமெரிக்க முறையை அது ஏற்கவில்லை. மருத்துவர் நடைமுறையை ஒட்டிய பிரித்தானிய வழியையே தெரிவு செய்தது. நம் நோயாளிகளில் பெரும்பாலோர் வறியவர், எழுத்தறிவில்லாதார், மருத்துவச் சொற்களைப் புரிந்துகொள்ள இயலாதவர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அவ்வழியைப் பிரித்தானியா ஏழாண்டுகளில் கைவிட்டது. 2017 இறுதியில் இந்திய அரசு தொடங்கிய லக்ஷயா திட்டம், பேற்றறையில் மதிப்புடன் நடத்துதலையும் துணைக்கு ஒருவர் உடனிருத்தலையும் தரத்தின் கூறுகளாகவே சேர்த்தது. இது நல்ல தொடக்கம். உடனிருக்கும் அத்தையோ அக்காளோ கேட்கவும் ஒரு வாய் உண்டு என்பதைச் சுவர்களுக்குள் இருப்போர் உணர்வர்.

புரிந்துகொள்ள மாட்டார்கள் என்னும் காரணத்தை மட்டும் நாம் ஒருகணம் நிறுத்திப் பார்க்க வேண்டும். நடீன் மாண்ட்கோமரி மூலக்கூறு உயிரியல் பட்டதாரி. வீட்டில் இரு மருத்துவர்கள். ஆங்கிலம் அவரது தாய்மொழி. ஆயினும் அவரிடம் சொல்லப்படவில்லை. கல்லாதவளிடம் புரியாது என்று சொல்லாமல் விட்டார்கள். கற்றவளிடம், புரிந்துகொண்டு வேறு முடிவெடுத்துவிடுவாள் என்று சொல்லாமல் விட்டார்கள். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, தடையாக இருந்தது பெண்ணின் அறியாமை என்னும் வாதம் நிற்பதில்லை.

தலை வந்த பின் தோள் சிக்கக்கூடும், நூறு பேரில் ஒன்பது பத்துப் பேருக்கு அப்படி ஆவதுண்டு, பெரும்பாலும் சரியாகிவிடும், அரிதாகக் குழந்தைக்குக் கேடு வரலாம், வேண்டுமானால் வயிற்றைக் கீறி எடுக்கலாம், அதிலும் இன்னின்ன துன்பம் உண்டு. எந்த ஊர்ப் பெண்ணுக்கும் அவள் பேசும் தமிழிலேயே இதைச் சொல்லிவிடலாம். இரண்டு நிமிடம் ஆகும்.